வாயுதூத் எழுந்ததும் விழுந்ததும்: சீனக்குடாவிலிருந்து ஒரு பார்வை

உப்புவெளியைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தமது ஆய்வுக்காகக் கேட்டிருக்கும் கேள்வி இது: "1980களில் இந்தியாவில் வாயுதூத் என்ற பெயரில் சிறு நகரங்களுக்கான விமான சேவை ஒன்று இருந்தது, பன்னிரண்டு ஆண்டுகளிலேயே அது இன்னொரு நிறுவனத்துக்குள் கரைந்துவிட்டது. அது ஏன் நிலைக்கவில்லை? சீனக்குடாவில் இவ்வளவு நீளமான ஓடுபாதை இருந்தும் திருகோணமலையில் சாதாரண சனங்கள் ஏறக்கூடிய விமான சேவை வேரூன்றாததற்கும் அந்தக் கதைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?"

தொடர்பு உண்டு, தம்பி. நீங்கள் நினைத்திருக்கக்கூடிய இடத்தில் அது இல்லை என்பதுதான் விஷயம். வாயுதூத்துக்குப் பயணிகள் கிடைக்கவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். பல தடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் பயணிகள் கிடைத்த தடங்களிலும் அது நட்டப்பட்டது. சிறு ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டிப் பெரிய விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. அப்படிக் கொண்டுபோய் விட்ட பயணியால் வரும் வருமானத்தின் பெரும்பகுதியோ இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்தது. இந்த ஒரு குறையைத் தீர்க்காமல், அரசு நிர்ணயித்த கட்டணத்தில், சிறிய விமானங்களை வைத்துக்கொண்டு, நாடு முழுவதும் பரவச் சொன்னதால் அது விழுந்தது. இலங்கையில் அதே குறை வேறு உருவத்தில் இருந்தது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

கந்தளாய்க் குளத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்குவது எளிது. குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடைகள் வேறு, குளத்திலிருந்து வயலுக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்கால்கள் வேறு. கிளை விமான சேவை என்பது முதல் வகை: தலைநகரின் பெரிய விமான நிலையம் நிரம்புவதற்காக நாலாபக்கமும் இருந்து வந்து சேர்கிற ஓடை. விளைச்சல் வயலில் கணக்கிடப்படும்போது ஓடையைப் பேணுகிற செலவை யார் கொடுப்பது என்பதுதான் உலகம் முழுவதும் இத்தகைய சேவைகளின் தலைவிதியைத் தீர்மானிக்கிற கேள்வி. அமெரிக்கா 1978 இல் தனது விமானத் துறையைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தபோது, சிறு நகரங்கள் சேவையை இழந்துவிடும் என்று அஞ்சி, அத்தியாவசிய விமான சேவைக்கான மானியத்தை அதே சட்டத்திலேயே எழுதி வைத்தது. வாயுதூத்தைத் தொடங்கியவர்கள் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை.

வாயுதூத் 1981 ஜனவரி 26 அன்று, இந்தியன் எயர்லைன்ஸும் எயார் இந்தியாவும் கூட்டாக உரிமை கொண்ட நிறுவனமாகப் பறக்கத் தொடங்கியது. 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அட்டவணைப்படியான விமான சேவை நடத்தும் உரிமை அந்த இரண்டு அரச கூட்டுத்தாபனங்களுக்கே இருந்தது. உள்நாடு இந்தியன் எயர்லைன்ஸுக்கு, வெளிநாடு எயார் இந்தியாவுக்கு. எனவே மூன்றாவதாக ஒரு சேவை பிறப்பதானால் அது இவர்களின் பிள்ளையாகத்தான் பிறக்க முடியும். வடகிழக்குக்காக அது பிறந்தது; அந்தக் காரணத்தில் பிழை சொல்ல இடமில்லை. இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்கள் சிலிகுரிக்கு அருகே ஒடுங்கிய ஒரு நிலத்துண்டால் மட்டுமே மற்றப் பகுதிகளோடு இணைந்திருக்கின்றன. மலையும் ஆறும் மழையும் சேர்ந்து, வரைபடத்தில் கிட்ட இருக்கும் ஊர்களுக்கு இடையேயான தரைப் பயணத்தைக்கூட நாட்கணக்கில் நீட்டிவிடும். மறுபக்கத்தில், இரண்டாம் உலகப்போரில் சீனாவுக்குத் தளவாடம் கொண்டுபோன நேச நாட்டு விமானங்களுக்காகக் கட்டப்பட்ட ஓடுபாதைகள் அஸ்ஸாமிலும் சுற்றுவட்டாரத்திலும் புல் முளைத்துக் கிடந்தன. நமது சீனக்குடாவும் அதே போரில் பிரித்தானிய விமானப்படைக்காக வளர்ந்து, 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானியக் குண்டுவீச்சைத் தாங்கிய இடம் என்பதை நினைத்துக்கொண்டால், போர் விட்டுச்சென்ற ஓடுபாதைகளை வைத்து மக்கள் போக்குவரத்தை உருவாக்குவது என்ற எண்ணம் நமக்கும் அந்நியமானதன்று.

தொடக்கத்தில் வாயுதூத்துக்குக் கிடைத்தவை தாய் நிறுவனம் ஏற்கெனவே பயன்படுத்திவந்த ஃபோக்கர் எஃப்-27, அவ்ரோ எச்.எஸ்.748 வகை விமானங்கள். இரண்டுமே நாற்பது பேருக்கு மேல் ஏற்றக்கூடிய, நல்ல உறுதியான இயந்திரங்கள். ஆனால் அவற்றுக்கு வயதாகியிருந்தது. இந்தியன் எயர்லைன்ஸ் ஃபோக்கர்களை 1960களின் தொடக்கத்திலிருந்தே ஓட்டிவந்தது. புது நிறுவனம் ஒன்றுக்குப் பழைய விமானங்களைக் கொடுப்பது சிக்கனமாகத் தோன்றும். பராமரிப்புப் பட்டறையில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும், விலை குறைந்த விமானம் ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் மிச்ச விலையை வசூலித்துக்கொள்ளும் என்பது.

1984 க்குப் பிறகு டோர்னியர் 228 வந்தது. ஜெர்மன் வடிவமைப்பான அதைக் கான்பூரிலுள்ள எச்.ஏ.எல். என்ற அரச விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுக் கட்டுவதென்று 1983 இல் ஒப்பந்தமாகியிருந்தது. கடலோரக் காவற்படை, கடற்படை, வாயுதூத் என்று பலருக்கும் அதே விமானம். தொழில்நுட்பரீதியாக இதைவிடப் பொருத்தமான தெரிவு அன்று அதிகம் இருந்திருக்காது. 19 இருக்கைகள், இரண்டு டர்போபுரொப் இயந்திரங்கள், ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த ஓடுபாதையிலிருந்து எழும் திறன், பக்கவாட்டில் ஏறினாலே போதும் என்ற உயரத்தில் சிறகுக்குக் கீழே தொங்கும் உடல்.

அந்த விமானத்தில் பறப்பது எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொருளாதாரத்தின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. நடைபாதையின் இருபுறமும் ஒவ்வோர் இருக்கை. எல்லோருக்கும் ஜன்னல் உண்டு, யாருக்கும் நிமிர்ந்து நடக்க இடமில்லை. கழிவறை கிடையாது. அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றும் ஏற்பாடு இல்லாததால் சுமார் பத்தாயிரம் அடிக்குக் கீழேயே பறக்க வேண்டும். அதாவது, பெரிய ஜெட் விமானம் முகிலுக்கு மேலே ஏறி அமைதியாகப் போகும் வேளையில் இது முகிலின் ஊடாகவே குலுங்கிக்கொண்டு போகும். பயணப் பெட்டிகளுக்கு மூக்குப் பகுதியிலும் வால் பக்கத்திலும் சிறு அறைகள் இருக்கின்றன. எதில் எவ்வளவு நிறை என்பதை விமானி தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் இயந்திரத்தை இயக்குவார். இத்தகைய சிறிய விமானங்களில் பெட்டியோடு சேர்த்து ஆளையும் தராசில் ஏற்றி நிறுப்பது சாதாரணம். பருத்த மனிதர் ஒருவர் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றி உட்கார்த்தப்படும்போது முகம் சுளிப்பார். ஆனால் சமநிலைக் கணக்கு அவருடைய கௌரவத்தைப் பார்ப்பதில்லை.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, விகிதங்களைப் பாருங்கள். ஒரு டோர்னியரை ஒரு தடவை பறக்கவிட 100 அலகு செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இருக்கைக்கு 7 அலகு அறவிட முடிந்தால், 19 இருக்கையும் நிரம்பும்போது 133 வரும்; 15 பேர் ஏறினாலே செலவு தேறிவிடும். அரசு, "இது சாதாரண மக்களுக்கான சேவை, 5 அலகுக்கு மேல் வாங்காதே" என்று கட்டுப்படுத்தினால் 19 இருக்கையும் நிரம்பியபோதும் 95 தான் வரும். நிரம்பிய விமானமே நட்டத்தில் எழுகிறது. அப்போது, பயணிகள் பெருகப் பெருக நிலைமை சீராகும் என்று நிருவாகம் சொல்வது வெறும் ஆறுதல்.

50 இருக்கை விமானத்துக்கு இந்த இக்கட்டு குறைவு. இரண்டுக்கும் இரண்டு விமானிகள்தான் வேண்டும். தரையில் தீயணைப்பு வண்டி, எரிபொருள் பவுசர், வானொலித் தொடர்பு, வரவேற்பு மேசையில் ஒருவர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் அந்தச் செலவைச் சிறிய விமானத்தில் 19 பேர் தலையில்தான் கட்ட முடியும். அதோடு, தடம் குறுகியதாக இருந்தால் விமானம் ஏறி இறங்கும் தடவைகள் கூடும். எரிபொருளை அதிகம் குடிக்கும் ஏற்றமே பயணத்தின் பெரும் பங்காகிவிடும். சிறு நிலையங்கள் பலவற்றில் ஓடுபாதை விளக்கோ கருவிவழித் தரையிறக்க வசதியோ இல்லாததால் விடியலுக்கும் அந்திக்கும் இடையில்தான் பறக்கலாம். குளிர்காலத்தில் மூடுபனி விலகும்வரை காத்திருக்க வேண்டும். விமானம் என்பது பறக்கும் மணித்தியாலத்தில் மட்டுமே சம்பாதிக்கிற பொருள். ஒரு நாளில் ஐந்தாறு மணித்தியாலம்கூடப் பறக்காத விமானம், கடன் வட்டியை மட்டும் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கும் கட்டுகிறது.

இந்தக் கணக்கு அன்று யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் சேவை விரிந்துகொண்டே போனது. 1984 இன் இறுதியில் பிரதமரான ராஜீவ் காந்தி அரசியலுக்கு வருமுன் இந்தியன் எயர்லைன்ஸில் விமானியாக இருந்து அவ்ரோ ஓட்டியவர்; சிறு நகரங்களுக்கு விமானம் போக வேண்டும் என்ற ஆசைக்கு அந்த ஆட்சிக்காலத்தில் நல்ல காற்று வீசியது. வடகிழக்குக்கென்று பிறந்த நிறுவனம் வட இந்திய மலைப்பகுதிகள், மத்திய இந்தியா, தெற்கு என்று எங்கும் இறங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தஞ்சாவூர், நெய்வேலி, அருகே புதுச்சேரி ஆகிய இடங்களிலும் அதன் டோர்னியர்கள் இறங்கியிருக்கின்றன. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தின் அலுவலர்கள் இருந்தார்கள், சரி. ஆனால் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு இரவு இரயிலில் படுத்துக்கொண்டே போகலாம். பக்கத்தில் திருச்சியில் பெரிய விமான நிலையம் இருக்கிறது. வடகிழக்கின் மலைநாட்டில் விமானத்துக்கு மாற்று வழி இல்லை. காவிரிப் படுகையில் மாற்று வழிகள் தாராளம். இந்த இரண்டு இடங்களையும் ஒரே அளவுகோலால் அளந்தது என் பார்வையில் வாயுதூத்தின் பெரிய தவறு. தன் தொகுதியிலும் விமானம் இறங்க வேண்டும் என்று கேட்காத அரசியல்வாதி எந்த நாட்டிலும் இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் இறங்கினால் எந்த நிறுவனமும் தாங்காது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த கோளாறு, நான் முதலில் சொன்ன வருமானப் பங்கீடு. ஒரு பயணி அஸ்ஸாமின் சிறு நகரம் ஒன்றில் டோர்னியரில் ஏறிக் கல்கத்தாவில் இறங்குகிறார். அங்கிருந்து இந்தியன் எயர்லைன்ஸின் பெரிய ஜெட்டில் டில்லிக்குப் போகிறார். முதற் பகுதி குறுகியது, செலவு கூடியது, கட்டணம் குறைந்தது: நட்டம் வாயுதூத்துக்கு. இரண்டாம் பகுதி நீண்டது, ஓர் இருக்கைக்கான செலவு குறைந்தது, கட்டணம் நல்லது: இலாபம் இந்தியன் எயர்லைன்ஸுக்கு. டோர்னியர் இல்லாவிட்டால் அந்தப் பயணி டில்லி விமானத்தில் ஏறியே இருக்கமாட்டார் என்பது எந்தப் பேரேட்டிலும் பதிவாகாது. வடகிழக்கிலேயே குவஹாத்தி போன்ற கூட்டமுள்ள தடங்களில் தாய் நிறுவனம் தானே பெரிய விமானங்களை ஓட்டியது. பிள்ளைக்கு விடப்பட்டவை எவருக்கும் வேண்டாத தடங்கள். ஆண்டு முடிவில் இரண்டு ஐந்தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அமைச்சருக்கு, ஒன்று உழைக்கிறது, மற்றது தின்கிறது என்றுதான் தோன்றும்.

பாதுகாப்பும் கைவிட்டது. 1988 ஒக்டோபர் 19 அன்று வாயுதூத்தின் ஃபோக்கர் ஒன்று குவஹாத்தியை நெருங்கும்போது விழுந்து அதிலிருந்த 34 பேரும் இறந்தார்கள். அதே நாளில் அகமதாபாத்தில் இந்தியன் எயர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றும் விழுந்ததால், உலகச் செய்திகளில் சின்ன விமானத்தின் விபத்து பின்னுக்குப் போய்விட்டது. மறு ஆண்டு செப்டெம்பரில் மகாராஷ்டிரத்தில் டோர்னியர் ஒன்று விழுந்து 11 பேர் இறந்தார்கள். பெரிய நிறுவனம் ஒரு விபத்துக்குப் பிறகும் பறந்துகொண்டிருக்கும். பயணிகளுக்கு வேறு வழியும் இருக்காது. சிறிய விமானத்தில் ஏறுவதற்கு ஏற்கெனவே தயங்கிக்கொண்டிருந்த சனங்கள் அடுத்த நாள் இரயில் நிலையத்துக்குப் போய்விடுவார்கள்.

முடிவு விரைவாக வந்தது. 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை ஏறியது. 1991 இல் இந்தியா அந்நியச் செலாவணி நெருக்கடியில் விழுந்தது. மானியம் என்ற சொல்லையே அரசு கசப்பாகப் பார்க்கத் தொடங்கியது. அதே வேளை விமானத் துறையில் தனியாருக்குக் கதவு திறந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் பம்பாய், டில்லி போன்ற நல்ல தடங்களுக்கே வந்தார்கள். 1993 இல் வாயுதூத்தை இந்தியன் எயர்லைன்ஸோடு இணைக்கும் முடிவு எடுக்கப்பட்டது. விமானங்களும் ஊழியர்களும் போனார்கள், பெரும்பாலான சிறு நிறுத்தங்கள் போகவில்லை. வரைபடத்திலிருந்து அவை அப்படியே உதிர்ந்தன.

டோர்னியர்கள் மட்டும் உடனே சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். கொச்சியிலிருந்து லட்சத்தீவின் அகத்திக்கு அவற்றை இந்தியன் எயர்லைன்ஸ் தொடர்ந்து ஓட்டியது. குறுகிய ஓடுபாதை, சுற்றிலும் கடல், கப்பலைத் தவிர மாற்று வழி இல்லை: அந்த விமானத்துக்குப் பொருத்தமான தடம் அது. பழுது விமானத்தில் இருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்தியா பிறகு பாடத்தை மெதுவாகவே படித்தது. 1996 இல் இந்தியன் எயர்லைன்ஸின் துணை நிறுவனமாக அலையன்ஸ் எயார் பறக்கத் தொடங்கியது. 2016 இல் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா-டில்லித் தடத்தில் முதல் விமானத்தை அனுப்பிய உடான் என்ற சிறு நகர விமான சேவைத் திட்டத்தில்தான் வாயுதூத்துக்கு இல்லாதிருந்த அந்த மானிய ஏற்பாடு வந்தது. பெருவழித் தடங்களில் பறக்கும் ஒவ்வொரு விமானத்திலும், தூரத்தைப் பொறுத்து, ஆரம்பத்தில் 7,500 முதல் 8,500 இந்திய ரூபாய் வரை வரியாக அறவிட்டு, அந்தப் பணத்தால் சிறு நகரத் தடங்களின் நட்டத்தை நிரப்புவது அதன் உயிர்நாடி. கிளையால் பிழைக்கிற பெருவழி, கிளைக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறது. இருக்கைகளில் ஒரு பகுதிக்கு, ஒரு மணித்தியாலப் பறப்புக்கு 2,500 ரூபாய் என்ற கட்டண உச்சவரம்பும், தடத்துக்கு மூன்று ஆண்டுத் தனியுரிமையும் உடன் வந்தன. 2022 ஏப்ரலில் அலையன்ஸ் எயார், கான்பூரில் கட்டப்பட்ட டோர்னியர் ஒன்றைத் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு அனுப்பியபோது, அதே பிரதேசத்தில் அதே வகை விமானம், இந்த முறை மானியத்தோடு.

அப்படியும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இந்தியக் கணக்காய்வாளர் நாயகத்தின் 2023 அறிக்கையின்படி, அத்திட்டத்தின் மூன்றாம் சுற்றுவரை வழங்கப்பட்ட 774 தடங்களில் 371 தான் தொடங்கப்பட்டன. அவற்றுள் மூன்று ஆண்டையும் முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் நீடித்தவை 54. மானியம் ஒரு தடத்துக்குக் கால அவகாசம் வாங்கித் தரும். பயணிகளை உருவாக்கித் தராது. நெய்வேலி இந்தப் புதிய திட்டத்திலும் பெயர் பெற்றுத்தான் இருக்கிறது.

இனி நமது கதை. நம் நாட்டின் அன்றைய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதற் பறப்பு 1947 டிசம்பர் 10 அன்று, சீதா தேவி என்று பெயரிட்ட டி.சி.-3 விமானத்தில், இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் போனது. அந்த வழியை உற்றுப் பாருங்கள்: உள்நாட்டுக் கிளையும் வெளிநாட்டுப் பெருவழியும் ஒரே விமானம், ஒரே நிறுவனம், ஒரே கல்லாப்பெட்டி. யாழ்ப்பாணத்தில் ஏறியவர் எந்தக் கணக்கில் சேர்கிறார் என்ற சண்டைக்கே இடமில்லை. பிறகு சீனக்குடாவும் கல்லோயாவும் அதன் உள்நாட்டு நிறுத்தங்களாக இருந்த காலமும் உண்டு. 1960களில் அவ்ரோவும் வந்தது.

இந்த இணைப்பு இரண்டு கட்டங்களில் அறுந்தது. முதலாவது, 1960களின் பிற்பகுதியில் கட்டுநாயக்கவில் புதிய நிலையம் எழுந்து பன்னாட்டு விமானங்கள் அங்கு போனபோது, உள்நாட்டுச் சேவை கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையிலேயே தங்கிவிட்டது. திருகோணமலையிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் இரத்மலானைக்கு வந்து இறங்கும் ஒருவர், நகரம் முழுவதையும் ஊடறுத்து வடக்கே கட்டுநாயக்கவுக்குப் போக வேண்டும். கொழும்பின் வாகன நெரிசலில் அதற்கு இன்னொரு பயண நேரம். இரண்டாவது, எயார் சிலோன் மூடப்பட்டு 1979 செப்டெம்பரில் எயார் லங்கா பறக்கத் தொடங்கியபோது, அது வெளிநாட்டுச் சேவையாகவே அமைந்தது. வாயுதூத்துக்காவது வருமானத்தைப் பகிராத பெற்றோர் இருந்தார்கள்; நம் உள்நாட்டுச் சேவைக்கு அன்றிலிருந்து பெற்றோரே இல்லை.

பின்னர் போர். அந்தக் காலத்தில் வடக்குக்குப் பறந்த தனியார் சேவைகளைக் கிளைச் சேவை என்று சொல்வது பொருந்தாது. தரைவழி அடைபட்டதால் சனங்கள் வேறு வழியின்றி ஏறிய சேவைகள் அவை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயாரின் அன்ரனோவ்-24 மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். அந்த இழப்பைப் பொருளாதாரக் கட்டுரையின் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போவதற்கு எனக்கு மனமில்லை. ஆனால் பாதை திறந்ததும் அந்தச் சேவைகளின் பயணிகள் பேருந்துக்குத் திரும்பினார்கள் என்பதை மட்டும் உங்கள் ஆய்வுக்காகக் குறித்துக்கொள்ளுங்கள். நெருக்கடியால் வந்த பயணி நெருக்கடியோடு போய்விடுவார்.

போருக்குப் பிறகு விமானப்படையின் பயணிகள் சேவையான ஹெலிடூர்ஸ் 2009 இல் மீண்டும் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 2013 இல் தொடங்கிய சினமன் எயார், ஒற்றை இயந்திர செஸ்னா கரவன்களில் கட்டுநாயக்கவிலிருந்தே சீனக்குடாவுக்குப் பறந்தது. இந்த இரண்டாவதுதான் உண்மையான கிளைச் சேவை: பன்னாட்டு விமானத்தில் வந்து இறங்கும் உல்லாசப் பயணியை அதே நிலையத்தில் ஏற்றிக்கொண்டு நிலாவெளிக்கு அனுப்புவது. அதன் சில இருக்கைகளின் விலை அந்தப் பயணியின் பைக்கு ஏற்றது. நம் ஆட்களின் பைக்கு ஏற்றதன்று. அதிலும் கிழக்குக் கடற்கரையின் பருவம் சித்திரை கழிந்து தொடங்கிப் புரட்டாசியோடு அடங்கிவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் வெறும் இருக்கைகளோடு யார் பறப்பது?

திருகோணமலைக்கென்று ஒரு சேவை யாருக்காக ஓடும் என்று கேட்டால், எல்லோரும் முதலில் கொழும்புக்குப் போகும் அலுவலரையும் உல்லாசப் பயணியையும் சொல்கிறார்கள். நான் வேறு ஒருவரைச் சொல்வேன். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு வீட்டு வாசலில் பின்னேரம் வான் வண்டி ஒன்று வந்து நிற்கிறது. கட்டாருக்கோ குவைத்துக்கோ வேலைக்குத் திரும்புகிற ஒருவர், கயிறு போட்டுக் கட்டிய இரண்டு பெட்டிகள், வழியனுப்ப வரும் ஐந்தாறு பேர். ஹபரணை, குருநாகல் வழியாக இரவெல்லாம் ஓடி, விடியுமுன் புறப்படும் விமானத்துக்கு அவரைக் கட்டுநாயக்கவில் இறக்கிவிட்டு வான் திரும்பும். ஆண்டு முழுவதும் நடக்கிற, பருவம் பார்க்காத, பன்னாட்டு விமானத்தோடு நேரடியாக இணைந்த பயணம் இது. கிளைச் சேவைக்கு இலக்கணப்படியான பயணி இவர்தான்.

ஆனால் இவரைச் சிறு விமானத்தில் ஏற்றுவது இலகு அன்று. பகல் வெளிச்சத்தில் பறக்கும் சேவை அவருடைய நடுநிசிப் புறப்பாட்டுக்குப் பொருந்தாது. மாலை வந்து இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும். 30 கிலோப் பெட்டியோடு 19 பேர் என்றால் ஆளும் பெட்டியுமாக நிறை இரண்டு தொன்னைத் தொட்டுவிடும்; டோர்னியர் போன்ற விமானத்தின் நிறைத்தாளில் அது மூச்சு முட்டும் எண். வழியனுப்பும் ஐந்து பேரும் வான் வண்டியில் ஒரே வாடகையில் போகிறார்கள். விமானத்தில் ஒவ்வொருவருக்கும் சீட்டு வேண்டும். வெளிநாட்டு விமான நிறுவனம், "திருகோணமலையிலிருந்து தோஹா" என்று ஒரே சீட்டாக விற்று, அதன் ஒரு பங்கை உள்நாட்டுச் சேவைக்குக் கொடுக்கும் ஏற்பாடு இல்லாதவரை, அவர் வான் வண்டியை விட்டு இறங்கமாட்டார். அந்த ஏற்பாடு வந்தால் 19 இருக்கை விமானம் போதாது. அலையன்ஸ் எயார் 2019 நவம்பரிலிருந்து சென்னைக்கும் பலாலிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிய ஏ.டி.ஆர். 72 போன்ற எழுபது இருக்கை அளவிலான விமானம் வேண்டும். சீனக்குடாவின் ஓடுபாதைக்கு அது சிரமமே இல்லை. ஓடுபாதை ஒருபோதும் நமது குறையாக இருந்ததில்லை.

எனவே உங்கள் ஆய்வில் விமானத்திலிருந்து தொடங்காதீர்கள். கிண்ணியா, மூதூர், தோப்பூர், நகரப்பகுதி ஆகிய இடங்களில் கட்டுநாயக்கவுக்கு ஓடும் வான்காரர்களைப் பிடித்து, ஒரு மாதத்தில் எத்தனை ஓட்டம், எந்த மணிக்குப் புறப்படுகிறார்கள், ஓர் ஓட்டத்துக்கு எவ்வளவு வாடகை, எத்தனை பேர் ஏறுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வெளிநாடு போகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வாடைக்காலத்தில் ஒரு மாதம், சோளகக் காலத்தில் ஒரு மாதம் எடுத்தால் போதும். அந்த ஐந்து எண்களும் கைக்கு வந்த பிறகு மேலே சொன்ன 100 அலகுக் கணக்கில் உண்மையான செலவைப் போட்டுப் பாருங்கள். தடத்துக்கு மானியம் வேண்டுமா, எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.